நாத்தனார் முடிச்சு எந்தப் படத்திலும் இல்லை: அஷ்டமுடிக் கரையில் ஒரு கல்யாணம், மூன்று கொட்டேஷன்

தம்பி கல்யாணத்தில் மொத்தம் 4,300 படங்களுக்கு மேல் எடுத்தார்கள். பொறுக்கிக் கழித்து எங்கள் கைக்கு வந்தது 1,140. அதில் நாத்தனார் முடிச்சு, அதாவது தாலியின் இரண்டாவது, மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போடுவது, ஒரு படத்தில்கூட இல்லை. அந்த நாத்தனார் நான்தான். போட்டோகிராஃபரைத் தேடிப் பேசி முடித்ததும் நான்தான் என்பதால் யாரையும் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. இத்தனைக்கும் படங்கள் மோசமில்லை, சொல்லப்போனால் எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்த கல்யாணங்களிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. அப்படியிருந்தும் அது எப்படித் தவறியது என்று இரண்டு மாதமாக யோசித்துப் பார்த்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் செங்கோட்டை. பெண் வீடு மதுரை. பையனும் பெண்ணும் வேலை பார்ப்பது பெங்களூரு. மாப்பிள்ளை ஊரிலா பெண் ஊரிலா என்ற பேச்சு இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் யாருக்குமே சொந்தமில்லாத கொல்லத்தில், அஷ்டமுடிக் காயல் கரையில் ஒரு ரிசார்ட் என்று முடிந்தது. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டெஸ்டினேஷன் வெட்டிங் என்று சின்னவர்கள் சொன்னபோது ஆச்சிக்கு அது பிடிபடவேயில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, "நம்ம ராஜா ஊருக்குப் போறதுக்கு இது என்னட்டி புதுப் பேரு" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டாள்.

நாள் குறித்தது ஆவணியில், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். இங்கேதான் முதல் சிக்கல், அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. நமக்கு ஆடி போலவே மலையாளிகளுக்குக் கர்க்கடகம், கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது முடிந்ததும் வருகிற சிங்ஙம், அதாவது நம் ஆவணி, அவர்களுக்கு உச்சக் கல்யாண மாதம். 2024 செப்டம்பர் 8, சிங்ஙத்து ஞாயிறு, குருவாயூரில் மட்டும் ஒரே நாளில் முன்னூறுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. அப்படியான மாதத்தில், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் குவிகிறபோது, நல்ல கேமராக்காரர் யாரும் சும்மா இருக்க மாட்டார். நாங்கள் ஐந்து மாதம் முன்னால் தேட ஆரம்பித்தோம். அதுவே தாமதம். பதினொரு பேரிடம் கேட்டு எட்டுப் பேர் தேதி இல்லை என்று சொல்லி, மிஞ்சினது மூன்று பேர்.

முதலாவது, கொச்சியில் ஒரு பெரிய டீம். இன்ஸ்டாகிராமில் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். தோணி, மூடுபனி, விளக்கு, பெண்ணின் ஈரக் கூந்தல். கொட்டேஷன் 2,75,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. இரண்டாவது, எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன். என் கல்யாணம், அதற்கு முன்னால் சித்தி கல்யாணம், இடையில் நாலைந்து காதுகுத்து, எல்லாம் அவர்தான். அவருக்கு இணையப் பக்கமெல்லாம் கிடையாது, மஞ்சப்பையில் இரண்டு கரிஷ்மா ஆல்பத்தை, புத்தகம் மாதிரி பக்கத்திலேயே படம் அச்சடித்ததை, போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். போட்டோவும் வீடியோவும் சேர்த்து 1,10,000. மூன்றாவது, கொல்லத்தைச் சேர்ந்த இருவர், சின்னப் பையன்கள், கேண்டிட், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பவர்கள், 1,60,000.

கொச்சி டீமிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் படங்களை முழுசாக, வரிசையாகக் காட்டுங்கள், தேர்ந்தெடுத்ததை அல்ல. அறுபது படங்கள் அனுப்பினார்கள். அறுபதும் வெவ்வேறு கல்யாணம். மறுபடி கேட்டதற்கு, வாடிக்கையாளர் அந்தரங்கம், தர இயலாது என்றார்கள். சரி, நியாயமான காரணம்தான். ஆனால் அந்தப் படங்களில் பந்தி இல்லை, கிழவிகள் இல்லை, ஹாலுக்குள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. இன்னொன்றும் கவனித்தேன், இதை ஆண்கள் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்: எல்லாப் படமும் ஒரே பழுப்பு மங்கலில் இருந்தது. ஒரு படத்தில் பெண்ணின் அம்மா கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு என்று சரிகைக் கரையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், சேலை சாம்பல் நிறத்தில் இருந்தது. எடிட்டிங்கில் ஒரே சாயத்தை எல்லாப் படத்துக்கும் பூசிவிடுகிறார்கள், பச்சையும் மஞ்சளும்தான் முதலில் சாகின்றன. அந்த நிறத்தைப் பிடிக்கக் காஞ்சிபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார்கள், பாவம்.

அவர்களிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, அன்றைக்கு வரப்போவது யார். பேர் போட்டிருக்கிறவர் வருவாரா? "எங்கள் டீம் வரும்" என்பதைத் தாண்டி அவர்கள் இறங்கவில்லை. விசாரித்ததில் அந்த ஞாயிறு அவர்களுக்கு மூன்று கல்யாணம் இருந்தது. ஒப்பந்தத்தில் ஆள் பெயர் போட முடியாது என்றதும் நாங்கள் விலகிக்கொண்டோம்.

கொல்லத்துக்காரர்கள் அனுப்பின லிங்கில் 780 படம், ஒரே கல்யாணம். கண் மூடினது, பாதி வெட்டுப்பட்டது, மின்விசிறி குறுக்கே வந்தது எல்லாம் அதிலேயே இருந்தது. நான் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இருட்டு ஹாலில் எடுத்த பந்திப் படங்களில் முகம் முகமாக இருந்தது, குழைந்த மஞ்சளாக இல்லை. தங்கத்துக்கும் மஞ்சள் பூசின முகத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. குறை என்னவென்றால், எல்லாம் மலையாளக் கல்யாணங்கள், தமிழ்க் கல்யாணம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவர்களை நாங்கள் முடிவு செய்தது அந்த 780 படத்தை வைத்து அல்ல. முதல் தடவை போனில் பேசியபோது, விலை பேசுவதற்கு முன்னால், மூத்தவர் கேட்டார்: "சேச்சி, மண்டபம் எந்தத் திசை பார்த்து?" எனக்குத் தெரியவில்லை. ரிசார்ட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு? கூரைத் துணி என்ன கலர்? மழை பெய்தால் எங்கே மாற்றுவீங்க?" மற்ற இருவரும் கேட்டது எத்தனை ஷீட் ஆல்பம், ட்ரோன் வேண்டுமா, ப்ரீ வெட்டிங் உண்டா என்பவைதான்.

அந்தத் திசைக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது ரிசார்ட் படத்தை அனுப்பிய பிறகுதான் புரிந்தது. புல்வெளிக்குக் கிழக்கே காயல். ரிசார்ட்டில் வழக்கமாக மண்டபத்தைக் காயல் பின்னணியாக வருகிற மாதிரி போடுவார்கள், அதாவது மணமக்கள் மேற்கே பார்த்து உட்கார வேண்டும். சாயங்கால ரிசப்ஷனுக்கு அது நன்றாகத்தான் இருக்கும். காலை எட்டு மணிக்கு அப்படி உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், போதாததற்குத் தண்ணீரின் கண்ணாடி வெளிச்சம் வேறு, முகம் இரண்டும் கரிக்கட்டை. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், எங்கள் ஐயர் கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும், முடியாவிட்டால் வடக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். கிழக்கே திருப்பினால் மணமக்களுக்கும் காயலுக்கும் நடுவில் பத்தடிதான் புல்வெளி. வந்தவர்கள் தோணியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கொல்லத்துப் பையன் ரிசார்ட்டுக்குப் போய், காலை எட்டு மணிக்கு, தோட்டக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வடக்கு பார்த்து உட்காரவைத்து எடுத்து அனுப்பினார். வலது கன்னத்தில் வெயில், இடது பக்கம் இருட்டு. மேற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு இன்னொரு படம், இருட்டு பாதி குறைந்திருந்தது. பிறகு மழை ஹாலுக்குள்ளும் ஒரு படம்: தாழ்ந்த கூரை, மஞ்சள் பல்பு, இங்கே வந்தால் இரண்டு லைட் கூடுதலாகக் கொண்டுவரணும் என்று குறிப்பு. பந்தலுக்குச் சிவப்போ ரோஸோ துணி கட்ட வேண்டாம், வெயிலில் அந்த நிறம் எல்லார் முகத்திலும் இறங்கும், வெள்ளை அல்லது சந்தனக் கலர் போதும் என்று டெக்கரேஷன்காரரிடம் அவரே பேசினார். இதற்கெல்லாம் அட்வான்ஸ்கூட அவர் வாங்கியிருக்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது, ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் காட்டுகிற படத்தைவிட அவர் கேட்கிற கேள்வியைப் பார்க்க வேண்டும் என்று. படத்தை யார் வேண்டுமானாலும் நல்லதாகப் பொறுக்கலாம், ஐம்பது கல்யாணத்தில் அறுபது படம் தேறாதா என்ன.

சடங்கு தெரியாதவர் என்ற பயம் மட்டும் போகவில்லை. அம்மா வேறு "நம்ம அண்ணனை விட்டுட்டு எப்படி" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு பேரையும் வைத்தோம். கொல்லம் பையன்கள் கேண்டிட் மட்டும், ஆல்பம் இல்லாமல், 1,25,000. ஸ்டூடியோ அண்ணன் டிரடிஷனலும் வீடியோவும் 55,000. மொத்தம் 1,80,000. அண்ணனிடம் நானே சொன்னேன், முகூர்த்த நேரத்தில் ஸ்டில் அந்தப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வீடியோவை மட்டும் விடாமல் பிடியுங்கள் என்று. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். கொல்லத்துக்காரர்கள் அனுப்பின தாளில் படங்களின் காப்புரிமை படம் எடுக்கிற தங்களுக்கே என்று ஒரு வரி இருந்தது. 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை. இந்த மாதிரி ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அதுதான் அந்த வேறு ஒப்பந்தம். அடிக்கச் சொன்னேன், பேசாமல் அடித்துக் கொடுத்தார்கள். இருபது படம் அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், குழந்தைகள் இருக்கிற படம் கூடாது, எந்த இருபது என்று எங்களிடம் கேட்டுவிட்டு, இதை எழுதிச் சேர்த்தோம். வருகிற இருவரின் பெயர், ஒருவர் வரமுடியாமல் போனால் யார், எத்தனை நாளில் படம், இரண்டு கார்டு போடுகிற கேமராவில்தான் எடுப்பது, ரிசார்ட்டை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு டிஸ்கில் நகல், எல்லாம் எழுத்தில். பணம் 30 சதவீதம் அட்வான்ஸ், 50 கல்யாணத்தன்று, மீதி படம் கையில் வந்ததும். மாநிலம் தாண்டின ஆளாயிற்றே, ஏமாற்றினால் கொல்லம் கோர்ட்டுக்கு யார் அலைவது என்று மாமா பயந்தார். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று காட்டின பிறகு அடங்கினார்.

ப்ரீ வெட்டிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண்ணறைப் பாலத்தின் மேல், தண்டவாளத்தில் நடக்கிற மாதிரி எடுக்கலாம் என்றார் அண்ணன். 1904இல் மீட்டர் கேஜ் ஓட ஆரம்பித்த பாதையின் கற்பாலம், பார்க்க அழகுதான். ஆனால் அதில் இப்போதும் ரயில் ஓடுகிறது, தண்டவாளத்தில் அத்துமீறி ஏறினால் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. கீழே ரோட்டோரத்திலிருந்து வளைவுகளை வைத்து எடுத்தோம், போதுமானதாக இருந்தது.

இனி கல்யாண நாள். விடிகாலை மூன்றரைக்கு மேக்கப் ஆரம்பம், ஆறு மணிக்குச் சாரல், ஆறரைக்குள் ஹாலா புல்வெளியா என்று முடிவு செய்தாக வேண்டும், ஆறு இருபதுக்கு நின்றது. வெள்ளைத் துணி சொன்ன இடத்தில் தொங்கியது. ஏழே முக்காலுக்கு மணப்பெண் நடந்து வந்தபோது வெயில் அவள் வலது கன்னத்தில் விழுந்து, கூரைச் சேலையின் அரக்கு அரக்காகவே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் அப்பா முதல் தடவையாக என்னிடம் சிரித்தார்.

ட்ரோனும் வந்திருந்தது. 250 கிராமுக்கு மேற்பட்டதற்குப் பதிவு எண் வேண்டும், தொழிலாக ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும், 2021 ட்ரோன் விதிகள் அப்படி. இரண்டும் அவர்களிடம் இருந்தன. இல்லாதது கருடனின் அனுமதி. காயல் பக்கம் செம்பருந்து எப்போதும் சுற்றும். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருகிற நேரத்தில் ஒன்று தாழ இறங்கி ட்ரோனை நோட்டம் பார்த்தது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு "கருடன் வந்துட்டாரு, கருடன் வந்துட்டாரு" என்று எல்லாரையும் கும்பிடச் சொல்ல, ட்ரோன்காரப் பையன் "ஐயோ ஐயோ" என்று அதைக் கீழே இறக்க ஓட, நாதஸ்வரக்காரர் வேறு அவன் ஓடுவதைப் பார்த்து ஒரு நொடி வாசிப்பை நிறுத்தினார். அதற்குப் பிறகு ட்ரோன் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதற்கென்று தனியாகக் கொடுத்த பணம் வீண் என்றுதான் சொல்வேன்.

தாலி கட்டும் நேரம். ஒரு கொல்லம் பையன் நேர் எதிரே, மண்டியிட்டு. இன்னொருவர் காயல் பக்கம். அண்ணன் இடது ஓரத்தில் ஸ்டாண்டில் வீடியோவோடு. கெட்டிமேளம், தம்பி முதல் முடிச்சுப் போடுகிறான், நான் பின்னால் குனிந்து நிற்கிறேன். மணைக்கும் பின்பக்கப் பூ அலங்காரத்துக்கும் நடுவில் ஒன்றரை அடிகூட இல்லை, பக்கவாட்டில் நுழைந்துதான் நின்றேன், மல்லிகைச் சரம் என் முதுகில் உரசிக்கொண்டே இருந்தது. அட்சதை வீச நூற்றெண்பது பேரும் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது முடிச்சு நான் போட்டேன். மஞ்சள் சரடு புதுசு, வழுக்கியது, மூன்றாவதை இரண்டு தடவை இறுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது எதிரே இருந்த கேமரா தம்பியின் அப்பா பக்கம், அதாவது எங்கள் அப்பா கண்ணைத் துடைப்பதன் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் படம் பிரமாதம், அதில் சந்தேகமில்லை.

ஏன் தவறியது? பையன்களைக் கேட்டேன். அவர்கள் பக்கக் கல்யாணங்களிலும் மாப்பிள்ளையின் சகோதரி பின்னால் நின்று தாலி முடிய உதவுவதுண்டு, அது உதவி, கூந்தலைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி. அது இங்கே தனிச் சடங்கு, அதற்காகவே நாத்தனாருக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள், சீர் உண்டு, கொடுக்காவிட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சு உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சடங்கு வரிசையை எழுதித் தாருங்கள் என்று ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். குடும்பப் படங்கள் மட்டும் யார் யார் பக்கத்தில் யார் என்று 41 வரி, சண்டையில் இருக்கிற இரண்டு பெரியப்பாக்களை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பது உட்பட. சடங்கில் "தாலி கட்டு" என்று ஒரே வரி. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டிருக்கிறேன்.

தெரிந்த ஒரே ஆள் ஸ்டூடியோ அண்ணன். அவர் கையில் ஸ்டில் கேமரா இருந்திருந்தால் அலங்காரத்தைப் பிய்த்துக்கொண்டாவது பின்னால் வந்திருப்பார், என் கல்யாணத்தில் அப்படித்தான் வந்தார். அவரை வீடியோவோடு ஓரத்தில் நிறுத்தினது நான். அலங்காரத்தை மணையிலிருந்து மூன்றடி தள்ளிப் போடச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை, திசையும் துணி நிறமும் பார்த்த பையனுக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பின்னால் எடுக்க ஒன்றும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அண்ணனின் வீடியோவில் நாலு நொடி இருக்கிறது. மாமாவின் துண்டுக்கும் யாரோ ஒரு பையனின் தலைக்கும் நடுவில் என் கை, சரடு, பெண்ணின் பின்கழுத்து. அதிலிருந்து ஒரு படம் எடுத்து ஆல்பத்தில் பெரிதாகப் போடலாமா என்று கேட்டேன். அவர் எடுத்திருந்தது ஃபுல் எச்டி, 1920க்கு 1080, ஒரு நொடியை நிறுத்தினால் கிடைப்பது இரண்டு மெகாபிக்சல், போஸ்ட்கார்டு அளவுக்குத் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் பிசுபிசுத்துவிடும் என்றார். ஃபோர் கே-யில் எடுத்திருந்தால் எட்டு மெகாபிக்சல், தாராளமாக ஒரு பக்கத்துக்கு வரும். அவருடைய கேமராவில் ஃபோர் கே இருக்கிறதாம். மெமரி நிறைந்துவிடும் என்று போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது மதினியின் தங்கைக்குத் தை மாதம் ஆலப்புழையில் கல்யாணம். அவர்கள் அம்மா கொல்லத்துப் பையன்கள் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்தேன். கூடவே என்னுடைய பழைய சடங்குப் பட்டியலையும் திருத்தி அனுப்பினேன், "தாலி கட்டு" என்ற ஒரு வரி இப்போது ஒன்பது வரி.

எங்கள் ஆல்பம் இன்னும் வரவில்லை. அது யார் தப்பும் இல்லை. முப்பது ஷீட்டுக்கு 150 படம் பொறுக்கித் தரச் சொன்னார் அண்ணன். நாங்கள் 212இல் நின்றோம். பெரியம்மா கண்ணை மூடியிருக்கிற படத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல, அக்கா தங்கை அஞ்சு பேரும் சேர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான் என்று அம்மா மறுபடி உள்ளே சேர்க்க, போன வாரம் அது 213 ஆனது.